மாம்பழப் படம் வந்த நாள்

அந்த வீட்டுப் பிரிண்டருக்குள் நாலு நிற மைகள் குடியிருந்தன. அச்சானதெல்லாம் ரேஷன் கார்டு நகலும் கரண்ட் பில்லும்தான். அதனால் வேலையெல்லாம் கறுப்புக்கே. மஞ்சளை எந்தக் காகிதமும் கூப்பிட்டதில்லை.

ஆனாலும், கண் விழிக்கும்போதெல்லாம் பிரிண்டர் கனைக்கும். "தொண்டை அடைச்ச மாதிரி இருக்கு. எல்லாரும் ஒரு வாய் மை துப்புங்கப்பா."

மஞ்சளும் துப்பும். அடியில் கிடக்கும் பஞ்சு அதைக் குடித்துவிட்டு, "இன்னிக்காவது காகிதத்தைப் பார்த்தியா?" என்று கேட்கும். "இல்லக்கா" என்று சொல்லிச் சொல்லியே மஞ்சள் ஓய்ந்துபோயிற்று.

ஒருநாள் மாம்பழப் படம் ஒன்று அச்சுக்கு வந்தது. மஞ்சள் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கலர்ப் படமாச்சே! நல்லாச் சுத்தம் பண்ணிட்டு ஆரம்பிப்போம்" என்றது பிரிண்டர். ஒரு தரமல்ல, மூன்று தரம் துப்பச் சொன்னது. மூன்றாவது தரத்தோடு மஞ்சள் காலி.

மாம்பழம் ரோஸ் நிறத்தில் வெளியே போனது.

"இத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்துட்டு, வேலைன்னு வந்ததும் காலை வாரிட்டியே!" என்று பிரிண்டர் எரிந்து விழுந்தது.

கீழேயிருந்து பஞ்சு மஞ்சளிடம் மெல்லச் சொன்னது.

"எல்லாம் கலந்து நான் கறுத்துக் கிடக்கேன்டா. ஆனா நீ விழும்போதெல்லாம் பார்த்திருக்கேன். நீ நல்ல மஞ்சள்."