மரியாதையாக வந்த கொடுவா

“மச்சான், மீனுக்கு ஒரு கடிதம் போட்டுப் பாத்தா என்ன? கந்தோர் முத்திரையோட போனா வந்தாலும் வரும்!”

மைத்துனன் நஸ்ரியின் கிண்டலைக் கேட்டும் கேளாதவர் போல லாபிர் கடலைப் பார்த்தபடி நின்றார். கந்தோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு தூண்டில் தடி வாங்கி, இறக்கக்கண்டிக் கரையில் நின்று வீசப் பழகியவர் அவர். இன்றுவரை முள்ளில் சிக்கியவை பாசியும், யாரோ ஒரு பிள்ளையின் காற்சட்டையும் மட்டுமே.

“இன்டைக்குப் பொழுது படுறதுக்குள்ள ஒரு கொடுவா மீன் பிடிப்பன். இல்லாட்டித் தடி ஒனக்கு!” என்று சூளுரைத்தார்.

பின்பு, தேநீர்ப் போத்தலுடன் மணலில் அமர்ந்திருந்த மனைவி ஸுல்பிகாவிடம் கனிவாகச் சொன்னார்: “தடி போனாப் போகட்டும் புள்ள. பொறகு நாள் முழுக்க ஒன்னோட குசினியிலதான் நிப்பன். பெருநாள் கறியில உப்புக் கூடினதே, நான் பக்கத்தில நிக்காததாலதானே?”

“ஓம், ஓம். முதல்ல தேத்தண்ணியக் குடிங்க,” என்றாள் ஸுல்பிகா.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. மணலில் ஊன்றிய தடியை மனைவியின் பொறுப்பில் விட்டு, லாபிர் நஸ்ரியுடன் பள்ளிக்குப் புறப்பட்டார். சற்றுத் தள்ளிக் கரைவலைக்காரர்கள் மீன் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏறிட்டுப் பார்க்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

தொழுதுவிட்டுத் திரும்பும்போது ஸுல்பிகா தூரத்திலேயே கையசைத்தாள்.

“கெதியா வாங்க! தடி வளையுது!”

லாபிர் ஓடினார், செருப்பு ஒன்று பின்தங்கியது. தூண்டில் நரம்பைச் சுற்றச் சுற்ற, பெரிய கொடுவா ஒன்று துள்ளாமல் துடிக்காமல், அழைப்புக்கு இணங்கிய விருந்தாளியைப் போல மரியாதையாகக் கரையேறியது.

“கொடுவாவெண்டா இழுத்து அடிக்குமே, மச்சான்?”

“என்ட பிடியக் கண்டு பயந்திரிக்கும்!”

அவர் மீனைத் தொட்டுப் பார்ப்பதற்குள், “மண் படும்,” என்று ஸுல்பிகா அதைப் பையில் போட்டுவிட்டாள்.

“இனி ஒவ்வொரு நாளும் வரப்போறன்!”

“வாங்க, தாராளமா வாங்க,” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும், “என்ட மீனை நான்தான் வெட்டுவன்,” என்று லாபிர் குசினிக்குள் நுழைந்தார். ஸுல்பிகா தடுப்பதற்குள் மீனைப் பலகையில் மல்லாத்திவிட்டார். கத்தியை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

எட்டிப் பார்த்த நஸ்ரி அலறினான். “மச்சான், இதுக்கு வயிறு கீறியிரிக்கி! குடலும் இல்ல!”

ஸுல்பிகா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“யா அல்லாஹ், பழக்கதோஷம்! கரைவலைக்காரரிட்ட வாங்கி, அவங்கட கத்தியாலயே துப்பரவாக்கிப் போட்டுத்தான் முள்ளில கொளுவியிருக்கன்… என்ன செய்ய, நீங்க குசினிக்கு வந்திருவீங்களெண்ட பயத்தில கை கால் ஓடல்ல!”