நம்பிய ஒரே வாசகி

“இந்தப் புத்தகத்தை எழுதினவுக ஒரு தடவையாவது வீட்டு வாசலைத் தாண்டியிருப்பாகளான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று வாசகர் வட்டத் தலைவர் ராஜதுரை மைக்கில் சொன்னதும் ஹாலே சிரித்தது.

மேடையில் உமாராணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வருடங்களுக்கு மேலாகத் தூத்துக்குடி வட்டாரத்துக் கோயில் கொடைகளிலும் மாதா கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுவில் பாடியவள். ஐம்பதை நெருங்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, கடற்கரை வழியாகவே கன்னியாகுமரி வரை ஸ்கூட்டரில் தனியாகப் போய்வந்த கதையை ‘உப்புக்காற்றும் நானும்’ என்று புத்தகமாகப் போட்டிருந்தாள். இன்று அதற்கு விமர்சனக் கூட்டம். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

பருப்பு மொத்த வியாபாரியான ராஜதுரை பக்கத்தைப் புரட்டினார். “கொற்கையில அலையோசை கேட்டுச்சாம். ஏம்மா, கொற்கையில ஏது கடலு? அது விலகிப் போயி எம்புட்டோ காலமாச்சு. இப்ப அங்கன வாழைத்தோட்டம்லா இருக்கு!”

“கண்ணை மூடினா கேட்டுச்சுன்னுதான் எழுதியிருக்கேன், அண்ணாச்சி.”

“வாழைத்தோட்டத்துல கண்ணை மூடினா தவளைச் சத்தம்தாம்மா கேக்கும்.”

மறுபடியும் சிரிப்பு.

அடுத்துக் கல்லூரி ஆசிரியை சண்முகப்ரியா எழுந்தாள். “ஒரு போட்டோகூட இல்லாத பயண நூல் இந்தக் காலத்துல இது ஒண்ணாத்தான் இருக்கும். செல்போனை வீட்டிலேயே வச்சிட்டுப் போனாங்களாம். அப்பதான் தன்னைத் தானே சந்திக்க முடிஞ்சுதாம். சந்திச்சீங்களா அக்கா? அவங்க சௌக்கியமா?”

காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த தமீம் விடவில்லை. “எங்க தெருவுல முன்னப்பின்ன தெரியாத பொம்பளை வண்டியை நிறுத்தினா அன்னைக்கே ஊரெல்லாம் பேசியிருப்பாக. நானும் விசாரிச்சுட்டேன். ஒருத்தரும் பாக்கல.”

“என் வயசுப் பொம்பளைய யாரு தம்பி திரும்பிப் பாக்கா?” என்றாள் உமாராணி. ஒரு காலத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை எட்டிய குரல், இப்போது கரகரத்தது. “நான் போனேன். எழுதின ஒவ்வொரு ஊருக்கும் போனேன். உவரியில வண்டி பஞ்சராகி, மணல்ல தள்ளிக்கிட்டே நடந்தேன். என் வாழ்க்கையில எனக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான்.”

“சுதி விலகினா மேளத்தைக் கூட்டி மறைச்சிரலாம்” என்றார் ராஜதுரை. “எழுத்துல அது நடக்காதும்மா.”

கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி வரிசையில் காட்டன் புடவை கட்டிய ஒரு பெண் எழுந்தாள். “எனக்கு இந்தப் புத்தகம் பிடிச்சிருக்கு. ஒரு வரி விடாம நம்புதேன்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. அன்று முதல்முறையாக உமாராணியின் முகம் மலர்ந்தது. “ரொம்ப நன்றிம்மா. நீங்க…?”

“இன்ஸ்பெக்டர் ஜெனிலா.”

ஜெனிலா புத்தகத்தைப் பிரித்துக்கொண்டே மேடையை நோக்கி வந்தாள். “மணப்பாட்டுல கடலைப் பாத்து ஒரு பங்களா பூட்டிக் கிடந்துச்சு, அதுக்குப் பின்னால மணல்ல படுத்துத் தூங்கினேன்னு எழுதியிருக்கீங்க. அந்த வீட்டுக்காரர் இப்பதான் சிங்கப்பூர்லருந்து திரும்பி வந்தாரு. பீரோவுல இருந்த பழைய முத்துமாலையக் காணும். நம்ம கடல்ல எடுத்த முத்து. வீடு பூட்டிக் கிடந்தப்ப அந்தப் பக்கம் போனதா எங்களுக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வாரீங்களா?”

உமாராணி தன் புத்தகத்தின் அட்டையைத் தடவினாள். கண்கள் நிறைந்துவிட்டன.

“அண்ணாச்சி சொன்னதுதான் நிசம், மேடம்.”

“என்னது?”

“நான் எங்கயும் போகல. தொண்டை கெட்டுப்போச்சு. பாட்டுக்கு யாரும் கூப்பிடல. கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடந்தேன். யூடியூப் பாத்துப் பாத்து எழுதினேன். மணப்பாட்டு மணலை நான் மிதிச்சதே இல்ல.” புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் அப்பவே சொன்னேம்லா!” ராஜதுரை மைக்கைத் தட்டினார். “மேடம், வேணும்னா நாங்க எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரோம்.”

“இவங்க பக்கத்துத் தெருவுக்கே தனியாப் போகமாட்டாங்க” என்றாள் சண்முகப்ரியா. “திருடவும் ஒரு தைரியம் வேணும்ல?”

தமீம் அதற்கும் தலையாட்டினான்.

ஜெனிலா உமாராணியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மேசைமேல் போட்டாள். “இந்த ஹால்ல இதை நம்பி வந்தவ நான் ஒருத்திதான். என்னையும் ஏமாத்திட்டீங்களே!”

அவள் போனதும் மற்றவர்களும் ஆளுக்கொரு பிரதியை அதே மேசையில் போட்டுவிட்டு, வடை டீக்குப் படியிறங்கினார்கள். யாரும் உமாராணியைக் கூப்பிடவில்லை.

அவள் புத்தகங்களைப் பொறுக்கிப் பைக்குள் அடுக்கினாள். அழுகை இன்னும் நிற்கவில்லை. கடலை ஒட்டி அவ்வளவு தூரம் தனியாகப் போய்வந்ததை இனி ஒருவரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. மணப்பாட்டு அத்தியாயம் நீளமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று பதிப்பாளர் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும். அழகாக வந்திருக்கிறதே என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தில் அவள் எழுதிய ஒரே பொய், மணலில் படுத்துத் தூங்கினாள் என்பதுதான். அன்றைக்கு அவளுக்குப் பங்களாவுக்குள் வேலை இருந்தது.