பை வைத்த கொடி

வலது முழங்கால் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தது. மதியத்துக்குப் பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தது.

மில் வாசலை ஒட்டி, சாலை வளைகிற இடத்தில், மைல்கல்லைப் பிடித்தபடி நின்றாள் கொடியக்கா. உட்கார்ந்தால் எழும்போது உயிர் போய்விடும். அதற்கு நிற்பதே மேல்.

கொடியக்கா என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். முன்னே சித்தாளாக இருந்தாள். கலவைச் சட்டி சுமந்தே தேய்ந்த கால். இனிமேல் நின்றால் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நிற்காமல் இருக்க வேண்டுமானால் இந்த வளைவுக்கு ஒரு வேகத்தடை வேண்டும். அது வருகிறவரை, ஷிப்டு விடும்போதெல்லாம் லாரிகளை மறித்து மில் பெண்களை அக்கரை சேர்ப்பது அவள்தான். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை.

மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன பிறகு, இன்றைக்குத்தான் ஒரு அதிகாரி வந்திருந்தார். நாடு முழுக்க விபத்தும் அடிதடியும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கெடுக்கிற அலுவலகமாம். ஜீப்பை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு வந்து, நாடா பிடித்துச் சாலையை அளந்தார். வளைவைப் படம் எடுத்தார். அவள் கொடியையும் எடுத்தார்.

கம்பில் கட்டிய சிவப்புத் துணி. அதன் ஓரத்தில் ஒரு பை தைத்திருந்தது. கொடிக்கு எதற்குப் பாக்கெட், வசூல் பண்ணவா என்று கேட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

டேப்லெட்டைத் தடவிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

“நல்ல சேதிதாம்மா. இந்த வளைவுல இதுவரைக்கும் ஒரு சாவுகூட இல்ல.”

அப்படியென்றால் வேகத்தடை வருமா என்று கேட்டாள்.

வராதாம். ஆள் செத்த இடத்துக்குத்தான் முதலில் பணம் ஒதுக்குவார்களாம். இந்த வளைவு வரைபடத்தில் பச்சையாக இருக்கிறதாம். பச்சை என்றால் முன்னேற்றம். மற்ற ஊர்களுக்கு இதை எடுத்துக்காட்டாகக் காட்டலாம் என்றுகூட மேலே பேச்சு இருக்கிறதாம்.

வெயிலிலும் மழையிலும் தான் ஒருத்தி இங்கே நட்டுவைத்த மாதிரி நிற்பதால்தான் சாவு இல்லை என்று சொன்னாள். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவள் நிற்பதைப் பதிய அதில் இடம் கிடையாதாம்.

நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். தண்ணீரை எங்கே என்று அடிப்பது?

தான் நிற்க ஆரம்பித்ததற்கு முந்தைய வருஷத்தைப் பார்க்கச் சொன்னாள். மாதத்தையும் சொன்னாள்.

பார்த்தார். ஒரே ஒரு பதிவு இருந்தது. கல் லாரி மோதி ஒரு பெண்ணுக்குக் காயம். மில் தொழிலாளி, சின்ன வயசு. காயம் மட்டும்தான் என்றார்.

“அவ செத்துட்டா சார்.”

எப்போது என்று கேட்டார்.

அடிபட்டு ஒரு மாதம் கழிந்து ஆறாம் நாள், ஆஸ்பத்திரியில்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அடிபட்டு முப்பது நாளைக்குள் உயிர் போனால்தான் அது சாலைச் சாவு. அதைத் தாண்டிவிட்டால் காயம் காயமாகவே நின்றுவிடும். விதி அப்படி, தன் கையில் இல்லை என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

முழங்காலின் வலி இடுப்புக்கு ஏறியது. கொடியக்கா மைல்கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சங்கு ஊதியது.

மில் வாசல் திறந்து பெண்கள் திமுதிமுவென்று வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு, இடது பக்கம் ஒரு பை. சாலையோரம் வந்ததும் பழகின மாடுகள் மாதிரி நின்றார்கள். ராணியம்மா கொடி அசைத்தால்தான் நமக்கு வீடு என்று ஒருத்தி கொடியக்காவைக் கிண்டல் பண்ணினாள். அதிகாரியும் ஜீப்புக்குப் போக அவர்களோடு வந்து நின்றுகொண்டார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் கல் லாரியின் இரைச்சல் கேட்டது.

திரையைப் பார்த்தபடியே அவர் சாலையில் கால் வைத்தார்.

கொடி எழவில்லை.

இந்த ஆள் இங்கேயே விழுந்தால் உடனே கணக்கில் ஏறும். பச்சை சிவப்பாகும். வேகத்தடை வரும். தானும் வீட்டில் போய்க் காலை நீட்டலாம். அவ்வளவும் ஒரு மூச்சில் ஓடிப்போனது.

சீ என்று தன்னையே காறித் துப்பிவிட்டு, சாலையின் நடுவுக்குப் போய்க் கொடியை உயர்த்தினாள். முழங்காலுக்குள் என்னவோ பிடுங்கிக்கொண்டது.

லாரி பிரேக் போட்டுப் புழுதி கிளப்பி நின்றது. பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டே கடந்தார்கள். அவர்கள் நடுவே அதிகாரியும் தலை நிமிராமல் கடந்தார்.

ஆஸ்பத்திரிக் கத்தரி பாதியாக வெட்டிக் கழற்றிய கோட்டு, கொடியாக அவர்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டில் ஓரத்தில் ராவும் பகலும் உட்கார்ந்து, இன்னும் ஒரே ஒரு நாள் இருடி கண்ணு, ஒரே ஒரு நாள் என்று காதில் கெஞ்சியவள் கொடியக்காதான். மகளும் தாய் சொல்லைத் தட்டவில்லை. முப்பது நாளையும் தாண்டி இருந்தாள்.

ஜீப் கிளம்பிப் போயிற்று.

அவர்கள் கணக்கில் அவள் மகளின் சாவு இன்னும் பாக்கி.