படகில் நிற்கும் பெட்டி

சுப்பனின் குப்பத்தில் நெட் கிடையாது. அதனால் எதிரே கோட்டைக்குப்பத்துக் கரையிலிருந்து சிக்னலை வாங்கி இந்தக் கரைக்குக் கடத்திவிட, ஆழமில்லாத உப்பேரியின் நடுவே அவன் படகில் நட்ட கழியின் உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கரையையும் நேருக்கு நேர் பார்த்தால்தான் அது வேலை செய்யும். சுப்பனோ வலை போடப் போகிற பழக்கத்தில் படகின் மூக்கில் மட்டும் நங்கூரம் போட்டிருக்கிறான். கடல்காற்று எழுகிறது, படகு சுற்றுகிறது, கரையில் வலைக்கொட்டகை டிவியில் அவன் மகள் வினோதினி ஆடும் கபடி இறுதியாட்டம் அப்படியே நின்றுபோகிறது. "ஐயோ, ரெய்டு போறாளே!" என்று குப்பமே அலறுகிறது. சுப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, படகைத் தோளால் முட்டித் திருப்பி, இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறான். உப்புத்தண்ணீரில் கண் கரிக்கிறது. வெயில் அலைக்கு அலை தெறிக்கிறது. மகளின் ஆட்டம் முழுக்க அவன் தலைக்கு மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று கரையில் விசில், தகரத்தட்டுச் சத்தம், நாய்களின் குரைப்பு. "இன்னாச்சி?" என்று கத்துகிறான், காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. அவன் மனைவி எல்லம்மா சேலையோடு தண்ணீருக்குள் ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறாள். போதாதா? சுப்பனும் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் கூவுகிறான். படகு மெல்லத் திரும்புகிறது. டிவியில் வினோதினி கோப்பைக்கு நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, கரை மொத்தமும் அவனைப் பார்த்துக் கத்துகிறது: "யோவ், படகப் புடிய்யா!"