துடைத்த பலகை

"இது காலேஜ் இல்லைங்க, சாப்பாட்டுக்கு மணியெல்லாம் அடிக்காது," என்று சிரித்தாள் பக்கத்து இருக்கைக்காரி.

புதிதாகச் சேர்ந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லூரியை விட்டால் வேறு உலகம் தெரியாதவருக்கு இதுதான் முதல் ஆபீஸ். காலையில் மீட்டிங் அறைக்குள் நுழைந்ததும், பலகையில் எல்லோரும் எழுதி வைத்திருந்த திட்டத்தைப் பழக்கதோஷத்தில் பளிச்சென்று துடைத்துவிட்டார்.

"மேனேஜர் கூப்பிடறார். இன்னிக்கு உங்களுக்கு நல்ல டோஸ் இருக்கு!" என்றாள் அவள்.

தயங்கிக்கொண்டே கதவைத் திறந்தார். "மன்னிச்சிடுங்க சார்..."

மேனேஜர் பதறி எழுந்து கைகட்டி நின்றார்.

"ஐயோ, நீங்க போய் என்னை சார்னு கூப்பிடலாமா? நீங்க பாடம் எடுத்த கிளாஸ்ல கடைசி பெஞ்ச் நான், சார். நாங்க எழுதி முடிக்கறதுக்குள்ள போர்டை அழிச்சிடுவீங்களே! நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு, நேத்தே அந்தத் திட்டத்தை போட்டோ எடுத்து வெச்சுட்டேன்."