சுவருக்கு அந்தப் பக்கம்

காலி வீட்டின் தரை முழுக்கக் காலை வெயில் பரவிக் கிடக்கிறது. கட்டட முதலாளி, புதுப் பெயிண்ட் ஒட்டுமே என்றுகூடப் பார்க்காமல், வெள்ளைச் சுவரில் காதை அப்பிக்கொண்டு நிற்கிறார். அடுத்த வீட்டில் அவர் மனைவி அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டச் சொன்னதே அவர்தான். பிழைப்புத் தேடி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருவரும் குடியிருந்த அறைக்கு வெறும் பலகைதான் தடுப்பு. பக்கத்து அறைக்காரர் இருமினால் இவர்கள் தூக்கம் போகும். இவர்கள் சண்டையெல்லாம் கிசுகிசுப்பிலேயே நடந்து முடியும். அதனால்தான் எந்தக் கட்டடத்துக்கும் சாவி கொடுக்கும் முன்பு இந்தச் சோதனை. ஒரு சொல் கேட்டாலும் சுவரை இடித்தாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் இன்ஜினியர் அவர் முகத்தையே பார்க்கிறார். முதலாளி கண்ணை மூடுகிறார். கைக்கடிகாரத்தின் டிக் டிக் கேட்கிறது, தன் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது, வேறெதுவும் இல்லை. கன்னத்தில் வெள்ளைப் பெயிண்டோடு, முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்கு ஓடுகிறார். அவளும் மூச்சிரைக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள்.

"ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"ஒரு வார்த்தைகூட விழல!"

"அப்பாடா! அந்தப் பலகை ரூம்ல முழுங்கினது இன்னும் பாதி இருக்கு. கொஞ்சம் இருங்க, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவர் துள்ளிக்கொண்டு போய் மறுபடி சுவரில் காதை வைக்கிறார், இந்த முறை மறு கன்னத்தை.