லோசியில் மட்டும்

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. இனோங்கே மெத்தையில் சாய்ந்தபடி கைபேசியில் தாய்சேய் நலப் பாடத்தைத் திறந்தாள்.

பாடங்களை எழுதுவது அவள் அம்மா. சொந்த ஊரான மோங்குவில் செவிலியர் கல்லூரி ஆசிரியை. வேற்று இனமான டோங்கா ஆளைக் கட்டிக்கொண்டு தலைநகர் லுசாக்காவுக்குப் போன மகளோடு இனிப் பேச்சில்லை என்றவள். சொன்னால் சொன்னதுதான்.

அதற்காகவே இனோங்கே இந்த இணைய வகுப்பில் பெயர் கொடுத்திருந்தாள். வரிகளுக்கு நடுவே எங்காவது அம்மாவின் குரல் கேட்காதா என்ற நப்பாசை.

கேட்கவில்லை. ஆங்கிலப் பாடம் உப்பில்லாத கஞ்சியாக இருந்தது.

அவள் கணவன் சோல்வே திரையை எட்டிப் பார்த்தான்.

"இதுல உங்க லோசி பாஷையும் இருக்கே. வை பாப்போம், உங்காளுங்க எப்படி உளறுறாங்கன்னு."

அவனே விரலை நீட்டி மாற்றினான்.

பாடம் பல மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். கேட்ட மொழியை மட்டும் காட்டி, மற்றதையெல்லாம் செயலி வடிகட்டி மறைத்துவிடும்.

கைகழுவும் பாடம் லோசியில் விரிந்தது. அதன் கடைசி வரி ஆங்கிலத்தில் இல்லாதது.

'இனோங்கே, மாமரம் காய்ச்சுக் கொட்டுது. தின்ன ஆளில்ல.'

அவள் முந்தைய பாடத்துக்குப் போனாள். அதற்கும் முந்தையதற்கு.

'உனக்குக் காய்ச்சல் வந்தப்போ காலைப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். இப்ப யாரு பிடிக்கிறா?'

எல்லாப் பாடத்தின் வாலிலும் ஒரு வரி இருந்தது. மாணவர் பட்டியலில் மகள் பெயரைப் பார்த்திருக்கிறாள். அம்மா வாக்குத் தவறவில்லை. பேசவில்லை, எழுதினாள், அவ்வளவுதான்.

மழைச் சத்தம் தூரப் போனது. ஊரில் ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் சமவெளியில் தோணியில் படுத்துக்கிடப்பது போலிருந்தது. அம்மா பின்னால் நின்று கழி ஊன்றுகிறாள், தோணி புல் நுனிகளை உரசிக்கொண்டு போகிறது. இனோங்கேவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

நேற்று வந்த பாடத்தைக் கடைசியாகப் பார்த்தாள்.

'லோசியில படிக்க யாருமில்லையாம். வர்ற வாரத்தோட இந்தப் பாடத்த எடுத்துடறாங்களாம். அப்புறம் நான் எங்க போய் உன்கிட்ட பேசுவேன்?'

கீழே, சந்தேகம் கேட்க ஒரு பெட்டி இருந்தது. அவள் லோசியில் எழுதினாள்:

'மா, நம்மூரு ஜூன் மாசக் குளிர்ல பொறக்கப்போற என் புள்ளைய மொத நாளே குளிப்பாட்டலாமா? இல்ல, நீங்களே வந்து பாத்துக்கிறீங்களா?'

அனுப்பினாள்.

"என்ன எழுதினே?" என்றான் சோல்வே. அவனுக்கு லோசி தெரியாது.

"பாடத்துல ஒரு சந்தேகம். இரு, உனக்கும் சொல்றேன்."